பத்மநாபாவில் நின்ற கை

அவரை முதலில் பார்த்த அன்று, பிரார்த்தனை பண்ணிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய விமான மைதானத்தில் தபால் விமானம் நின்றுகொண்டிருந்தது. உள்ளே பைலட் இருக்கையில் வெள்ளைச் சட்டையும் நெற்றியில் விபூதிப் பட்டையுமாக ஒரு மனிதர். கண் மூடியிருக்கிறது, உதடு அசைகிறது, வலது கை மட்டும் இங்கும் அங்கும் போய் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது. நானோ நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைக்காரன். யார் எந்த சாமியைக் கும்பிட்டால் என்ன, புறப்படும் முன்னால் ஜெபம் பண்ணுகிறவர் கையில் வண்டி இருக்கிறதே என்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அன்றைக்குத்தான் மெக்கானிக் வேலையில் சேர்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவரிடமே கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அது ஜெபமும் இல்லை, ஒன்றும் இல்லை, லிவர் எண்ணுகிறேன் என்றார்.

கரமனை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஏழு வயதில் பூணூல் போட்ட நாளிலிருந்து ஆற்றங்கரையில் சந்தியாவந்தனம். அதன் தொடக்கத்தில் ஆசமனம் என்று ஒன்று உண்டு. உள்ளங்கையில் தண்ணீர் விட்டு மூன்று தரம் உறிஞ்சிவிட்டு, பெருமாளின் பன்னிரண்டு பெயர்களைச் சொல்லிக்கொண்டே உடம்பில் பன்னிரண்டு இடத்தைத் தொட வேண்டும். கேசவா, நாராயணா என்றால் இரண்டு கன்னம். பிறகு கண், மூக்கு, காது, தோள் என்று இரண்டிரண்டாக. பத்மநாபா என்றால் தொப்புள். தாமோதரா என்றால் தலை. வரிசை மாறாது, கை யோசிக்காது. விமானம் ஓட்டக் கற்றபோது அவர் பார்த்தாராம், அங்கேயும் புறப்படுமுன் தொட்டுப் பார்க்க வேண்டியவை சரியாகப் பன்னிரண்டு. கேசவா என்றால் பெட்ரோல் குழாய். நாராயணா என்றால் இன்னொரு குழாய். இப்படியே போய், பத்மநாபா என்றால் இரண்டு இருக்கைக்கும் நடுவே வயிற்று உயரத்தில் இருந்த பிளாப் லிவர். பிளாப் என்பது இறக்கையின் பின்னோரத்தில் உள்ள பலகை. இறங்கும்போது அதைத் தொங்கவிட்டு வேகத்தைக் குறைத்து, சக்கரம் தரையில் ஓடத் தொடங்கியதும் மேலே எடுத்துவிட வேண்டும். அப்போதும் பத்மநாபா என்று சொல்லித்தான் எடுப்பார். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அந்தக் கை தவறியதில்லை.

மைதானத்தில் எல்லாரும் அவரைச் சாமி என்றே கூப்பிட்டோம். பெயர் எனக்குத் தெரியும், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சாமி என்றே இருக்கட்டும்.

அவரைப்போல ஒரு சந்தேகப் பிராணியை நான் கண்டதில்லை. மனுஷர்மேல் சந்தேகம் கிடையாது, கடன் கேட்டவனுக்கெல்லாம் கொடுப்பார். சந்தேகமெல்லாம் சாமான்மேல்தான். அதிலும் பழைய சாமானுக்குப் பதிலாக வந்த புதுச் சாமான் என்றால் போச்சு. ஆரியசாலையில் ஒரு கடையில் குடை வாங்கப் போனோம். பழைய குடை மாதிரியேதான் இருந்தது. சாமி அதைத் திறக்கிறார், மூடுகிறார், இடது கையால் திறக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு மூடுகிறார். கடைக்காரப் பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாமி குடை வாங்க வந்தாரா பெண் பார்க்க வந்தாரா என்று என்னிடம் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாமிக்கு அப்படி எல்லாம் ஒன்றும் கிடையாது.

சைக்கிள் கதை இன்னும் மோசம். பழைய சைக்கிளில் வலது பிரேக் பிடி முன் சக்கரத்துக்கு, இடது பிடி பின் சக்கரத்துக்கு. புதிதாக வாங்கியதில் அது தலைகீழ். மூன்று நாள் அதைத் தள்ளிக்கொண்டே கரமனைத் தெருவில் திரிந்தார். பஞ்சரா என்று வழியில் போகிறவனெல்லாம் கேட்டான். இல்லை, பழகிக்கொள்கிறேன் என்று ஒவ்வொருவனுக்கும் நின்று பதில் சொன்னார். ஆகாயத்தில் பறக்கிற ஆள் சைக்கிளில் ஏறப் பயப்படுகிறார் என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதுதான் என்னிடம் சொன்னார்:

"வேற மாதிரி இருந்தா பயமே இல்லை ஓய். கண்ணு தானா முழிச்சுக்கும். பழசு மாதிரியே இருக்கு பாரும், அங்கதான் மனுஷன் தூங்கிடறான்."

சரிதான் சாமி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அதன் அர்த்தம் எனக்குப் புரிய இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் கம்பெனி ஒரு புது விமானம் வாங்கியது. பம்பாயிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிவந்து விட்டுவிட்டு அடுத்த ரயிலில் போய்விட்டார். பழையதைச் செய்த அதே தொழிற்சாலை, அதே பெயர், கடைசியில் ஒரே ஒரு எழுத்துத்தான் கூட. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி. வெளியே தெரிந்த ஒரே வித்தியாசம், பழையதில் சக்கரம் எப்போதும் நீட்டிக்கொண்டே இருக்கும். புதியது மேலே ஏறியதும் சக்கரத்தை வயிற்றுக்குள் மடக்கிக்கொள்ளும். அதனால் வேகம் கூடும், பெட்ரோல் மிச்சம்.

மதராஸில் எங்கள் மானேஜர் இருந்தார். அவரும் பழைய பைலட், மற்ற பைலட்டுகளுக்குப் பரீட்சை வைத்துக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர், நல்ல மனுஷன், ஆனால் எதற்கும் அவசரம். இதே விமானம் வரும் வழியில் அங்கே இறங்கியபோது, வெள்ளைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருந்தார். பழையதேதான், ஒரு லிவர் கூட, அவ்வளவுதான், வருகிற தபால் நாளன்றே எடுத்துக்கொண்டு வரவும் என்று சாமிக்கு எழுதினார். அந்தக் காலத்தில் புது ஜாதி விமானம் ஓட்ட வேண்டுமென்றால் பரீட்சை கொடுத்து லைசென்ஸில் தனியாக ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். பெயர்தான் ஒன்றாயிற்றே, பழைய கையெழுத்தே போதும் என்பது மானேஜர் கட்சி. சாமி பதில் எழுதினார். ஐந்து நாள் வேண்டும், விமானம் ஷெட்டில் ஜாக்கிமேல் நிற்க வேண்டும், அப்புறம் பரீட்சை, அப்புறம் தனிக் கையெழுத்து. அதற்குமுன் தபாலோடும் ஆளோடும் இதில் ஏறமாட்டேன்.

தந்தி வந்தது. ஐந்து நாள் தரப்படும். ஐந்தாம் நாள் மானேஜரே வந்து பரீட்சை எடுப்பார். தேறாவிட்டால் இந்த மார்க்கம் வேறு பைலட்டுக்குப் போகும், நீர் மதராஸ் ஸ்டோருக்கு வந்துவிட வேண்டியது.

ஸ்டோர் என்றால் டயரும் நட்டும் வைத்திருக்கிற கிடங்கு. சாமிக்கு நாற்பத்திரண்டு வயது. ஒருதடவை கீழே இறக்கிவிட்டால் மறுபடி மேலே ஏற்ற மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசாமல் ஒப்புக்கொண்டு ஓட்டித் தொலைத்தால் என்ன, இத்தனை வருஷம் ஓட்டினவருக்கு இது ஒரு பிரமாதமா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஜாக்கி எடுத்துக்கொண்டு வாரும் என்றார்.

விமானத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தினோம். சக்கரம் தரையைத் தொடாமல் ஒரு முழ உயரத்தில் தொங்கியது. பாட்டரியில் மோட்டார் ஓடும், லிவரை இழுத்தால் சக்கரம் மடங்கும், ஆபத்தில்லை. சாமி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் நான். ஒரு முழுப் பயணத்தையும் உட்கார்ந்த இடத்திலேயே நடித்துப் பார்ப்பதுதான் அவர் வைத்த பயிற்சி. ஏறியாச்சு, பறந்தாச்சு, இறங்கியாச்சு என்று நான் குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். தரையில் ஓடுகிறோம் சாமி என்றேன்.

உதடு அசைந்தது. கை நேராக நடுவில் இருந்த லிவருக்குப் போய் ஒரு இழுப்பு இழுத்தது. கீழே கடகடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் இரண்டு சக்கரமும் வயிற்றுக்குள்.

புதியதைச் செய்த புண்ணியவான் பிளாப் லிவரை முன்பலகைக்கு ஏற்றிவிட்டு, அது இருந்த பழைய இடத்தில், அதே உயரத்தில், சக்கர லிவரை வைத்திருக்கிறான். பத்மநாபா என்றதும் முப்பத்தைந்து வருஷத்துக் கை தன் இடத்துக்குப் போய்விட்டது. நிஜமாகத் தரையில் ஓடும்போது இது நடந்திருந்தால் அந்த வேகத்தில் விமானம் வயிற்றால் தேய்த்துக்கொண்டு போயிருக்கும். பெட்ரோல் டாங்கும் அங்கேதான் இருக்கிறது.

"வண்டி கவுந்து படுத்துட்டு சாமி," என்றேன்.

அவர் முகத்தில் ரத்தம் இல்லை. அதே கையால் லிவரைத் திருப்பித் தள்ளிச் சக்கரத்தை நீட்டினார். பிறகு, இருபத்தைந்து தடவை தொடர்ந்து தப்பில்லாமல் வர வேண்டும், நடுவில் ஒன்று தப்பினாலும் எண்ணிக்கை முதலிலிருந்து என்று சட்டம் போட்டார். தப்ப வைப்பது என் வேலை. எனக்கு அது பிடித்த வேலை. இறங்குகிற நேரம் பார்த்து ஞானப்பாட்டு பாடுவேன். சாயங்காலம் சாலைக் கடையில் என்ன பலகாரம் போடுகிறான் என்று கேட்பேன். திடீரென்று தீ தீ என்று அலறுவேன். முதல் நாள் ஆறைத் தாண்டவில்லை. இரண்டாம் நாள் பதினொன்று. மூன்றாம் நாள் இருபத்துநான்கு வரை வந்து, நான் அவர் பெண் கல்யாணத்தைப் பற்றி ஏதோ கேட்க, கை லிவரை இழுத்துவிட்டது.

அன்று அவர் இறங்கி ஷெட் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். "மதி ஓய். இன்னிக்கு மதி," என்றார். போதும் என்பதைக் கரமனைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பேச்சை ஏன் எடுத்தேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

டிபன் பாத்திரத்தை மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். கொடுக்கலாம் என்று சாயங்காலம் கரமனைக்குப் போனேன். அந்தத் தெருவில் என்னைப்போன்றவர்கள் வாசலோடு நின்றுகொள்வது வழக்கம், நின்றேன். அவர் சம்சாரம்தான் வெளியே வந்தார். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போகவில்லை.

"உங்க சாமிக்கு என்ன ஆச்சு? ஆத்தங்கரைல ஆசமனம் பண்றச்சே பத்மநாபா வந்ததும் கையை அந்தரத்துல நிறுத்திண்டு, இது என்னது இது என்னதுன்னு கேக்கறாராம். வைதீக வாத்தியார் வந்து, புத்தி சரியா இருக்கான்னு விசாரிச்சுட்டுப் போறார். எனக்குத் தலையைக் காட்ட முடியலை."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். உள்ளது உள்ளபடி சொன்னேன். லிவர், சக்கரம், தந்தி, ஸ்டோர் எல்லாம். சாமி வீட்டில் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் சாமியே பின்னால் வந்து நின்றுவிட்டார். அந்த அம்மாள் திரும்பினார். அழுவார் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டார்.

"போற கையை எதுக்கு நிறுத்தறேள்? அது ஏழு வயசுலேருந்து போயிண்டிருக்கு, இனிமேயா நிக்கப்போறது? போகட்டும். போன இடத்துல சும்மா இருக்கச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டுப் பாத்திரத்தோடு உள்ளே போய்விட்டார். சாமி வாசலுக்கு இறங்கி வந்தார். மணி என்ன ஓய், ஷெட் சாவி உம்மிடம் இருக்கிறதா என்று கேட்டார். இன்றைக்கு மதி என்று சொன்னது நீங்கள்தானே என்றேன். அது பழைய மதி என்றார் மனுஷன்.

ஆனால் நான் சாவி தரவில்லை. மறுநாள் காலையில்தான் உட்கார்ந்தோம். இந்த முறை அவர் கையைத் தடுக்கவில்லை. தரையில் ஓடுகிறோம் என்றதும் கை தன் வழியே லிவருக்குப் போயிற்று. போய், பிடிக்காமல், விரல்களை விரித்து லிவரின்மேல் மூடிபோலக் கவிழ்ந்து உட்கார்ந்தது. "சக்கரம்," என்று வாய்விட்டுச் சொன்னார். வண்டி நின்றாச்சு என்று நான் சொல்லும்வரை எடுக்கவில்லை. பிளாப்பை அப்புறம் சாவகாசமாக மேலே எடுத்தார். இழுக்கப் போன கைக்குக் காவல் வேலை கொடுத்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம். பாடினேன், கத்தினேன், தும்மினேன், மறுபடி கல்யாணப் பேச்சையே எடுத்தேன். மத்தியானத்துக்குள் இருபத்தைந்து. சுவரில் கரிக்கோடு போட்டுப் போட்டு எண்ணிக்கொண்டிருந்த நான் கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு, பிராமணர் என்றும் பாராமல் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன். கிரீஸ் கை. வெள்ளைச் சட்டை பாழ். குளிக்க வேண்டுமே ஓய் என்றார், ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஐந்தாம் நாள் விடிகாலையில் மானேஜர் ரயிலில் வந்து இறங்கினார். வந்தவுடன் கடிகாரத்தைப் பார்த்தார். என்னய்யா, ஒரே வண்டிக்கு இத்தனை கூத்தா என்றார். பரீட்சையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, தபாலையும் ஏற்றிக்கொண்டு தானே இந்தப் புது விமானத்தை மதராஸுக்கு ஓட்டிப்போவதாக ஏற்பாடு. சாமி இடது இருக்கையில், மானேஜர் வலது இருக்கையில், பின்னால் நான்.

ஏறினோம். காலுக்குக் கீழே கடகடவென்று சக்கரம் மடங்கியது. கடல்மேல் திரும்பி, கோவில் கோபுரத்தைத் தூரத்தில் பார்த்தபடி சுற்றி வந்தோம். சாமி சக்கரத்தை நீட்டினார், வாய்விட்டுச் சொன்னார், இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். மானேஜர் கொட்டாவி விட்டார். மூன்று தடவை இறங்க வேண்டும் என்பது சட்டம். முதல் இரண்டும் அழகாக முடிந்தன. மூன்றாவதுதான்.

சக்கரம் மண்ணைத் தொட்டது. ஓடிக்கொண்டிருக்கிறோம், நல்ல வேகம் இருக்கிறது. மானேஜருக்கு அவசரம். பிளாப்பை நான் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே, முன்னாலேயே பார்த்துக்கொண்டு, பல வருஷப் பழக்கத்தில் இடது கையை நடுவே நீட்டி ஒரு இழுப்பு இழுத்தார்.

பின்னாலிருந்து நான் அதைப் பார்த்தேன்.

அவர் கையில் அகப்பட்டது லிவர் இல்லை, சாமியின் புறங்கை. ஐந்து விரலும் விரித்துக் கவிழ்ந்திருந்தது. அவர் இழுத்த இழுப்புக்கு அது அசையவில்லை.

"அது சக்கரம் சார்," என்றார் சாமி. முன்னால் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

விமானம் ஓடி நின்றது. இன்ஜினை நிறுத்திய பிறகு கடல் சத்தம் கேட்டது. மானேஜர் தன் கையை எடுக்கவே மறந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தார். மெதுவாக எடுத்து, அந்த லிவரையும், முன்பலகையில் இருந்த பிளாப் லிவரையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றி வேர்வை மூக்கு நுனிவரை வந்துவிட்டது. மூன்று பேர், டாங்கு நிறையப் பெட்ரோல். வேறு யாராவது இடது பக்கம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல நான் இல்லை.

கீழே இறங்கியதும் சாமியின் லைசென்ஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். இறக்கைமேல் வைத்துப் புது விமானத்தின் பெயரைக் கடைசி எழுத்தோடு சேர்த்து முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. எனக்கு அதைவிட அழகான கையெழுத்து கிடையாது. ஐந்து நாளும் ஜாக்கியும் இல்லாமல் கம்பெனியில் எவனும் இதைத் தொடக்கூடாது என்று அங்கேயே நின்று உத்தரவும் எழுதினார். நல்ல மனுஷன் என்று அதனால்தான் சொன்னேன்.

பத்து மணிக்குத் தபால் மூட்டைகளை ஏற்றினோம். மானேஜர் பழக்கதோஷத்தில் பைலட் கதவுப் பக்கம் போய்க் காலைத் தூக்கி வைத்தார். சாமி அவர் முன்னால் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை, மரியாதை ஒரு இம்மி குறையவில்லை.

"மன்னிக்கணும் சார். இந்த வண்டிக்குக் கையெழுத்து உள்ளவன் இப்போ நான் ஒருத்தன்தான். நீங்க பின்னாடி உட்காரணும்."

மானேஜர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு காலை இறக்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பின் கதவு வழியாக ஏறித் தபால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். கதவைச் சாத்தியவன் நான்தான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஒரு படி எடுத்து விற்றிருந்தால் சாலைக் கடைத்தெருவையே வாங்கியிருப்பேன்.

விமானம் ஓடி மேலே எழும்பியது. தென்னை உயரம் தாண்டியதும் இரண்டு சக்கரமும் மெல்ல மடங்கி வயிற்றுக்குள் போயின. நான் துணியைச் சுழற்றிக்கொண்டு கூவினேன், கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

கரைப் பக்கத்திலிருந்து ஒரு மீன்காரி கூடையை மணலில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். விடிகாலை நாங்கள் சுற்றினபோது அவள் அங்கே இல்லை. மேலே கையைக் காட்டி, விமானத்தின் காலிரண்டும் போய்விட்டது, அந்தச் சாமி இனி எப்படித் தரையில் இறங்குவார் என்று மலையாளத்தில் கதறி மாரில் அடித்துக்கொண்டாள்.

"கரையாதே அக்கா," என்றேன், அழாதே என்பதற்கு அவள் பாஷை. "மடக்கினவருக்கு நீட்டவும் தெரியும்."